பாவடித் தெரு, நாற்பத்தொரு பேர்

குற்றாலம் மேட்டு பங்களாவின் முன்கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள். நடுவில், பிரம்புச் சாய்வு நாற்காலியில், வாக்காளர் பட்டியல் விசாரணைக்கென்று வந்திருந்த தனி அதிகாரி பரமசிவன். அவருக்கு வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அதே மாதிரி இன்னொரு நாற்காலியில், ஆட்சேபணை கொடுத்த நூல்கடை மசூது. இருவருக்கும் நடுவே ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு தட்டு மங்குஸ்தான் பழம். இடப்பக்கம் சுவரோரம், ஒரு கால் ஒடிந்து செங்கல் முட்டுக் கொடுத்த மேஜையில், தேர்தல் குமாஸ்தா குத்தாலிங்கம். வாசற்படியில் பியூன் சொரிமுத்து. கூடத்துக்கு வெளியே, ஓட்டுத் தாழ்வாரத்துக்கும் வெளியே, சாரலில், கடையநல்லூர் பாவடித் தெருப் பெண்கள் இருபத்து மூன்று பேர். அவர்கள் உட்காரவில்லை. உட்கார இடம் போடவில்லை. அவர்களுக்குப் பின்னால் திரை தொங்கவிட்ட ஒரு கார். அதற்குள் மசூதின் மனைவி ஹாஜரா பீவி.

இதைக் குத்தாலிங்கம் அப்படியே விசாரணை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். யார் யார் ஆஜர், யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதாமல் அவர் எந்த விசாரணையையும் தொடங்கியதில்லை. பதினேழு வருஷத்துப் பழக்கம். மங்குஸ்தானை மட்டும் முதலில் விட்டுவிட்டார். மசூது ஒரு பழத்தைப் பிதுக்கி, வெள்ளைச் சுளையை எடுத்து அதிகாரியின் கையில் வைத்ததைப் பார்த்த பிறகு, அதையும் வரிக்கு மேலே பொடி எழுத்தில் சேர்த்துக்கொண்டார்.

1961ஆம் வருஷம், ஆடி மாதம். அடுத்த வருஷம் பொதுத்தேர்தல். மசூதின் மைத்துனர் நிற்கப்போவதாகப் பேச்சு. பாவடித் தெரு நெசவுக்காரர்கள் மசூதிடம் நூல் வாங்குவதை விட்டுவிட்டு, கூட்டுறவுச் சங்கம் வைத்து வேறிடத்தில் வாங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தெரு ஓட்டு மைத்துனருக்கு விழாது. விழாத ஓட்டை விழச் செய்வது கஷ்டம். இல்லாமல் செய்துவிடுவது சுலபம். ஆகவே மசூது நாற்பத்தொரு ஆட்சேபணை மனு கொடுத்திருந்தான். நாற்பத்தொன்றிலும் ஒரே வாசகம்: ‘மேற்படி பெயருடைய பெண் மேற்படி விலாசத்தில் இல்லை. பொய்ப் பெயர்.’ பிறந்தது முதல் அதே தெருவில் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் அவன்.

விசாரணை தென்காசியில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் என்றுதான் நோட்டீஸ் போயிருந்தது. காலை ஏழு மணிக்கு அதிகாரி மனசை மாற்றிக்கொண்டார். முந்தின நாள் செங்கோட்டைப் பக்கம் மழை. அருவியில் தண்ணீர் பிரமாதமாக விழுகிறதாம். தென்காசிக்குப் போய்வந்தால் இரண்டாம் குளியல் கெட்டுவிடும். “பள்ளிக்கூடத்துக் கதவுல சாக்பீஸால எழுதிப் போட்டுட்டு வரச் சொல்லும், இங்கயே வரட்டும்” என்றார். அவர் தங்கியிருந்த மேட்டு பங்களா, சீசனுக்காக மசூது வாடகைக்கு எடுத்திருந்தது. அதிகாரியின் தலையில் வழிந்த எண்ணெயும் மசூதுடையதுதான். வாதியின் வீட்டில், வாதியின் நாற்காலியில், வாதியின் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நீதி சொல்ல வந்தவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. குறை என்று ஒன்று அவருக்குப் பட்டிருந்தால் அது காப்பியில் சர்க்கரை குறைந்ததுதான்.

நாற்பத்தொரு பேரும் தென்காசி வரைக்கும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். சாக்பீஸ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூடக் காவல்காரர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். பதினெட்டுப் பேர், கைக்குழந்தைக்காரிகளும் கிழவிகளும், அப்படியே திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருபத்து மூன்று பேர் மூன்று மைல் நடந்து, வெள்ளைத் துப்பட்டி உடம்போடு ஒட்ட, வந்து நின்றார்கள்.

“மொதல் ஆளைக் கூப்பிடும்” என்றார் அதிகாரி.

முதலில் வந்தவள் நூர்நிஷா, இருபத்தைந்து வயதுப் பெண். பேர் கேட்டார், சொன்னாள். வீட்டு நம்பர் கேட்டார், சொன்னாள். “புருஷன் பேரு?”

நூர்நிஷா துப்பட்டியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, காது கேக்கலையா? புருஷன் பேரு.”

பதில் இல்லை. மசூது பழத்தோலைத் தட்டில் போட்டுவிட்டு, மெல்லச் சிரித்தான். அப்போதுதான் குத்தாலிங்கத்துக்குப் புரிந்தது. பாவடித் தெருவில் பெண்டாட்டி வாயால் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அந்தத் தெரு என்றில்லை, அந்தச் சீமையிலேயே, எந்தச் சாதி எந்த மதம் என்றாலும், அந்தக் காலத்துப் பெண்கள் சொல்லமாட்டார்கள். ‘அவுக’ என்பார்கள், ‘பிள்ளைகளுக்க வாப்பா’ என்பார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். ஆண்கள் வந்து சொல்லலாம் என்றால், தெருவில் பாதி ஆண்கள் கொழும்புக் கடைகளில் இருக்கிறார்கள். மீதிப்பேர் வந்தாலும் அதிகாரி உள்ளே விடுவதாக இல்லை. ‘ஆட்சேபிக்கப்பட்ட ஆளே சொல்ல வேண்டும்.’ இந்தக் கேள்வியை அதிகாரிக்கு எடுத்துக் கொடுத்தவன் யார் என்று கேட்க வேண்டியதில்லை. வெளியூர் எதிரிக்கு இது தோன்றியிருக்காது. தன் உம்மாவும் தன் பெண்டாட்டியும் வாழ்நாளெல்லாம் காத்த ஒரு வழக்கத்தை எடுத்துத் தெருப் பெண்களின் கழுத்தில் சுருக்காகப் போட, அந்த வீட்டுப் பிள்ளையால்தான் முடியும்.

“எழுதிக்கும்” என்றார் அதிகாரி. “கணவர் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. ஆள் இன்னார் என்று நிரூபணமாகவில்லை. நீக்குக. அடுத்தது.”

தெரியவில்லை என்று குத்தாலிங்கம் எழுதவில்லை. ‘சொல்லவில்லை’ என்று எழுதினார். நூர்நிஷா துப்பட்டி நுனியை வாயில் வைத்ததையும் எழுதினார்.

ஒன்பது பேர் இப்படியே போனார்கள். ஒவ்வொருவருக்கும் அதிகாரி எடுத்துக்கொண்ட நேரம், ஒரு மங்குஸ்தான் தின்கிற நேரம். பத்தாவதாகப் பாலம்மாள் வந்தாள். தெருக்கோடியில் தறிக்கு நூலை நீட்டிப் பாவு ஓடுகிறவள், நாற்பது வயது, நெற்றியில் ஈரத்தில் கரைந்த குங்குமம்.

“புருஷன் பேரு?”

பாலம்மாள் நெளிந்தாள். அங்கும் இங்கும் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, “அந்தா, அங்கன இருந்து எழுதுதாவல்லா, அந்த அண்ணாச்சி பேருதான் ஐயா எங்க வீட்டுல” என்றாள்.

அதிகாரி குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் மூளைக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். “என்ன ஓய் குத்தாலிங்கம், சொல்லவே இல்லையே! கடையநல்லூர்ல ஒரு குடித்தனம் வச்சிருக்கீரா?”

மசூது தொடையைத் தட்டிச் சிரித்தான். “அதான பாத்தேன், அண்ணாச்சி எதுக்கு இம்புட்டு வெரசலா எழுதுதாகன்னு!”

பாலம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஐயா, நான் பேரைத்தான் சொன்னேன், ஆளைச் சொல்லல. அந்தக் கோயில்ல இருக்காகளே, சாமி, அவுக பேரு...”

“போதும் போதும். நீக்குக.”

குத்தாலிங்கத்துக்குக் காது சுட்டது. ஆனால் பேனா நிற்கவில்லை. ‘குமாஸ்தாவைச் சுட்டிக்காட்டித் தன் கணவர் பெயரும் அதுவே என்றார். குமாஸ்தாவின் பெயர் குத்தாலிங்கம். வாக்காளர் பட்டியலில் இவருடைய கணவர் பெயராகக் கண்டிருப்பதும் குத்தாலிங்கம். அதிகாரி நகைத்தார். ஆட்சேபணைக்காரரும் நகைத்தார். நீக்க உத்தரவு.’

நீக்க உத்தரவு என்று சொன்னாலும் அதிகாரிக்கு நீக்குகிற அதிகாரம் கிடையாது. அவர் விசாரித்து எழுதி அனுப்ப வேண்டியது. கடைசி உத்தரவு திருநெல்வேலியில் பெரிய அதிகாரியுடையது. சட்டப்படி முழு ஏடும் போக வேண்டும். வழக்கப்படி போவது, ‘விசாரித்தேன், இத்தனை நீக்கம்’ என்று அரைத்தாள் சுருக்கம். ஏடு அலமாரியில் கரையானுக்குப் போகும். திருநெல்வேலியில் அரைத்தாளைப் பார்த்துக் கையெழுத்து விழுந்துவிடும். பிறகு அந்த நாற்பத்தொரு பேர் ஓட்டுச்சாவடிக்குப் போனால், ‘ஒம் பேரு இல்லம்மா, தள்ளி நில்லு’ என்பதோடு சரி.

பதினோராவதாக ஹைருன் பீவி வந்தாள். ஐம்பதை நெருங்கிய, எலும்பும் நரம்புமான பெண். கூடத்துக்குள் வந்ததும் அதிகாரியைப் பார்க்காமல் குமாஸ்தாவைத்தான் பார்த்தாள்.

“அண்ணாச்சிக்கு என்னைய ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கக் குத்தாலிங்கம்தான் பாவடித் தெருவுக்குப் போனார். வெயில். வாசலில் நின்ற ஆண்கள் வீட்டு ஆட்களைச் சொல்லச் சொல்ல எழுதினார். ‘மஜீது, மஜீது பெண்டாட்டி, மஜீது தாயார்.’ கதவுக்குப் பின்னால் நின்றவர்களின் பேரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை; கேட்டிருந்தால் இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும். பேர் இல்லாத பெண்கள் செல்லாது என்று மேலேயிருந்து உத்தரவு வந்து அத்தனை பேரையும் அடித்தார்கள். சிவப்பு மையில் கோடு போட்டவரும் அவரேதான். பரமசிவனையும் மசூதையும் பார்த்து அன்று அவர் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தாலும், அதில் பாதி எச்சில் தன் மேலேயே விழுகிறது என்று அவருக்குத் தெரியும்.

“அங்க என்ன பேச்சு? பேரு சொல்லு” என்றார் அதிகாரி.

“ஹைருன் பீவி. கதவு நம்பரு பதினாலு.”

“புருஷன் பேரு?”

ஹைருன் பீவி மடியிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து முக்காலியில், பழத்தட்டின் பக்கத்தில் வைத்தாள். “கொழும்புலேர்ந்து மாசாமாசம் வருத கடுதாசி. முன்னால எம்பேரு, கதவு நம்பரு, தெரு. பின்னால அவுக பேரு. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க படிச்சவுகல்லா, வாசிச்சிக்கிடுங்க.”

“காட்டச் சொல்லலை. சொல்லச் சொன்னேன்.”

“போஸ்ட்மேனுக்கு மாசாமாசம் நான் அகப்படுதேன். ஒங்களுக்கு மட்டும் நான் இல்லாத ஆளா ஐயா?”

அதிகாரி கவரை விரல் நுனியால் தள்ளினார். அதன்மேல் மங்குஸ்தானின் ஊதாக்கறை படிந்தது. “அனாவசியப் பேச்சு வேண்டாம். புருஷன் பேரு தெரியாத பொம்பளைக்கு ஓட்டு எதுக்கு?”

“தெரியும் ஐயா. சொல்லமாட்டேன். அது வேற, இது வேற.” ஹைருன் பீவியின் குரல் உயரவில்லை. “மொத எலெக்சன்ல இந்த அண்ணாச்சி எம்பேரைக் கேக்கல. அவுக பேரை மட்டும் எழுதிக்கிட்டாக. எம்பேரு இல்லன்னு அடிச்சிட்டிய. போன எலெக்சன்ல எம்பேரு இருந்துச்சு, பொட்டியில ஓட்டுப் போட்டேன். இப்ப நானே வந்து எம்பேரைச் சொல்லுதேன். அவுக பேரு வேணும்ங்கிய. அடுத்த தடவ எங்க வாப்பாவுக்க வாப்பா பேரைக் கேப்பியளோ?”

வெளியே பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. மசூது நாற்காலியில் நிமிர்ந்தான். “ஏட்டி ஹைரு, அதிகாரிட்ட மரியாதையாப் பேசு.”

“நீ பேசாத மசூது. ஆட்சேபம் பண்ணுனவன்ட்ட எதிராளி கேள்வி கேக்கலாமா அண்ணாச்சி?” என்று அவள் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

“கேக்கலாம். சட்டத்துல இருக்கு” என்றார் குத்தாலிங்கம். அன்று காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப கேக்கேன். ஒன் பெண்டாட்டி பேரும் பட்டியல்ல இருக்கு. அந்தா கார்ல இருக்கா, அருவி பாக்க வந்துருக்கா. அவள வந்து ஒன் பேரைச் சொல்லச் சொல்லு. சொல்லிட்டான்னா நாங்க நாப்பத்தொரு பேரும் இப்பமே வீட்டுக்குப் போயிருதோம்.”

“எங்க வீட்டுப் பொம்பளைய சபைக்கு இழுக்கியா?” மசூது எழுந்துவிட்டான். “அவ குடும்பப் பொம்பள!”

“நாங்க மட்டும் ரோட்டுல முளைச்சமாக்கும்?”

அதிகாரிக்கு இது வேடிக்கையாகப் பட்டுவிட்டது. வயிறு நிறைந்திருந்தது, குளியலுக்கு இன்னும் அரைமணி இருந்தது. “உட்காரும் மசூது, உட்காரும். கேட்டாத்தான் என்ன? இந்த அம்மா வாயை அடைக்கலாம். சொரிமுத்து, போய்க் கார்ல இருக்கிற அம்மாகிட்ட, வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டுட்டு வா.”

மசூது காரைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் நாற்பத்தொரு மனுவும் கிழிந்துவிடும்.

சொரிமுத்து காரின் திரைப்பக்கம் குனிந்து நின்றான். உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது. அவன் திரும்பி வந்து படியில் நின்று, மொட்டையாகச் சொன்னான். “அந்த அம்மா, ‘அவுக பேரை நான் எப்படிச் சொல்லுவேன், அவுக அங்கனதான இருக்காக, அவுகள்ட்டயே கேக்கட்டும்’ங்காவ ஐயா.”

சாரலில் நின்ற இருபத்திரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் பங்களாக் கூரைமேல் இருந்த குரங்குகள் எழுந்து ஓடின. பாலம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹைருன் பீவி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப அவளும் இல்லாத ஆளுதானா ஐயா?”

அதிகாரி ஒரு கணம் தடுமாறினார். ஒரே கணம்தான். வெட்கம் உள்ளே வருவதற்கு ஒரு வாசல் வேண்டும். அவரிடம் அது கிடையாது. “அந்த அம்மா பேர்ல ஆட்சேபணை இல்லை. உன் பேர்ல இருக்கு. நீக்குக. மிச்சம் எல்லாருக்கும் இதே உத்தரவு, வராதவங்களுக்கும் சேர்த்து. குத்தாலிங்கம், கடைசியில நடந்த கூத்தையெல்லாம் எழுத வேண்டாம்.”

“சரிங்க” என்றார் குத்தாலிங்கம். எழுதி முடித்திருந்தார்.

அதிகாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசலில் எண்ணெய் தேய்க்கிறவன் வந்து நின்றான். குத்தாலிங்கம் ஏட்டை எடுத்துக்கொண்டு போய், “ஒவ்வொரு பக்கத்துலயும் இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்து வேணும்” என்று நீட்டினார். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். அது அவர்களுக்குள் எட்டு மாதத்து ஏற்பாடு. பெருக்கல் குறி இருக்கிற இடத்தில் அதிகாரி கையெழுத்துப் போடுவார்; மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இதற்கு அவர் வைத்திருந்த பேர் நம்பிக்கை. “உம்ம கையெழுத்து முத்து முத்தா இருக்கு ஓய்” என்று சொல்லிக்கொண்டே பத்தொன்பது பக்கத்திலும், அரைத்தாள் சுருக்கத்திலும், ‘முழு ஏடு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற முகப்புக் கடிதத்திலும் போட்டார். ஒரு பக்கத்தில் எண்ணெய் சொட்டியது. அதையும் துடைக்காமல் அருவிக்குப் போனார்.

மசூதுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவன் மேஜைப் பக்கம் வந்து குனிந்தான். “அண்ணாச்சி, என்ன எழுதியிருக்கியன்னு ஒரு பார்வ பாத்துக்கிடுதேன். குடுங்க.”

“நகலுக்கு மனுப் போடணும். ஸ்டாம்பு ஒட்டி.”

“நமக்குள்ள என்ன அண்ணாச்சி ஸ்டாம்பு?”

“மனு வந்து ஏழு நாளைக்குள்ள நகல் கெடைக்கும். வாரத்துல செவ்வாயும் வெள்ளியும் வாங்குவோம். இன்னைக்குப் புதன்.”

மசூதின் முகம் இறுகியது. “அடுத்த வருசம் எங்க மைத்துனரு ஜெயிச்சு வருவாக. அப்ப ஒம்ம மேசை எந்த ஊர்ல கெடக்கும்னு பாப்போம் வே.”

“நாலு காலும் உள்ள மேசையாப் பாத்துப் போடச் சொல்லும்” என்றார் குத்தாலிங்கம், பேனாவைத் துடைத்தபடி. மகள் சாவித்ரியின் கல்யாணம் தை மாதம். மாற்றல் வந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைக்காமல் இல்லை. மசூது கார்ப் பக்கம் போய், திரைக்கு உள்ளே என்னவோ சுள்ளென்று சொன்னான்.

ஹைருன் பீவி படியோரம் நின்றுகொண்டிருந்தாள். “எங்க பேரு இருக்குமா அண்ணாச்சி?”

“தெரியாதும்மா. நடந்தது நடந்தபடி போவுது. திருநெல்வேலியில வாசிச்சா இருக்கும்.”

“வாசிப்பாகளா?”

குத்தாலிங்கம் ஒரு புதுத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். “தென்காசியோட திரும்பிப் போனவங்க பதினெட்டுப் பேரு. அவங்க வந்தாங்கன்னும் எழுதணும். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லு. அவங்க சொந்தப் பேரு.”

“இதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா” என்றாள் ஹைருன் பீவி. பிறகு விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு பேர் மறந்து, வெளியே கூப்பிட்டுக் கேட்டு, சொன்னாள். பதினெட்டையும் எழுதி, சாக்பீஸ் எழுத்தையும், ஏழு மணியையும், மூன்று மைலையும் எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். இதில் அதிகாரி கையெழுத்து இல்லை. விசாரணை என்று வந்தால் இந்தத் தாளுக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு.

ரிஜிஸ்தர் தபால் மூன்று மணிக்கு அடைத்துவிடுவார்கள். இரண்டே முக்காலுக்குக் குத்தாலிங்கம் குற்றாலம் தபாலாபீஸ் வராந்தாவில் நின்றார். ஏட்டை வேட்டி மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்ததில் ஈரம் படவில்லை. பத்தொன்பது பக்கம், ஒரு சுருக்கம், ஒரு முகப்புக் கடிதம், ஒரு பேர்ப் பட்டியல். இரண்டு தடவை எண்ணினார். துணிக் கவருக்குள் செருகி, வாயை மடித்து ஒட்டினார். சாரல் காற்றில் மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அரக்கை உருக்கி, ஐந்து இடத்தில் விட்டு, பையிலிருந்த பித்தளை முத்திரையை அழுத்தினார்.

“ஓரத்துல ஒண்ணு சரியா விழலையே அண்ணாச்சி” என்றார் தபால்காரர், கவரைத் திருப்பிப் பார்த்து.

குத்தாலிங்கம் அதை வாங்கி, அந்த அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் உருக்கி விட்டு, முத்திரையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் நாற்பத்தொன்று வரைக்கும் எண்ணினார். பிறகு ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். தபால் பையைக் கட்டி, தென்காசி பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தார்கள். அதே பஸ்ஸில்தான் பாவடித் தெருப் பெண்களும் ஏறினார்கள்.